பெயரை எந்தத் தாளில் எழுதுவது?

ஒக்டோபர் கடைசி வாரத்தில், இலங்கையின் வடக்கே வன்னியின் பல கத்தோலிக்கப் பங்குகளில் வீட்டுக்கு வீடு ஒரு கடித உறை போகும். உள்ளே ஒரு தாள். நவம்பர் மாதப் பூசைகளில் நினைவுகூர வேண்டிய மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் ஐந்து நிமிட வேலை. இங்கே சில வீடுகளில் அந்தத் தாள் மூன்று நாள் சுருபத்துக்குக் கீழே கிடக்கும். அப்புவின் பெயர் எழுதியாயிற்று, மாமியின் பெயர் எழுதியாயிற்று. 2009 மே மாதம், போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனின் பெயர் மட்டும் எழுதப்படாமல் நிற்கும். எழுதினால் பெற்றவளே அவனைச் சாகடித்தது போல. எழுதாவிட்டால் அவனைச் செபமில்லாமல் விட்டது போல.

விண்ணக வாழ்வை எதிர்பார்த்து வாழ்வது பற்றி வன்னியில் பேச வெளிக்கிடுகிறவர் இந்தத் தாளைத் தாண்டிப் போக முடியாது. "மோட்சம் இருக்கு, கவலைப்படாதேங்கோ" என்ற வார்த்தை இந்த மண்ணில் எத்தனையோ வாய்களை மூடியிருக்கிறது. கிறிஸ்தவம் தரும் நம்பிக்கைக்கு அந்த வேலை இல்லை. அது அழவும் விடும், தேடவும் விடும், அடுத்த போகத்துக்கு விதைக்கவும் வைக்கும். பங்குகளில் வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கும், துக்கத்தோடு வாழும் குடும்பங்களுக்கும், நடைமுறையில் உதவிய சிலவற்றையும் பிழைத்துப் போன சிலவற்றையும் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள். அச்சடிக்கும்போதே இரண்டு பகுதி வையுங்கள். மேலே "ஆண்டவரில் இளைப்பாறுவோர்". கீழே "ஆண்டவரின் கையில் ஒப்படைக்கப்பட்டோர்". காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களுக்கு இரண்டாவது பகுதி. "காணாமற்போனோர்" என்று தலைப்புப் போட வேண்டாம். தானாகத் தொலைந்த பிள்ளை இல்லை, கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளை என்று பல தாய்மார் அந்தச் சொல்லோடேயே வழக்காடுகிறார்கள். தாளைக் கொண்டுபோகிறவர் படலையில் நின்று நீட்டிவிட்டுத் திரும்பக் கூடாது. உள்ளே போய் இருந்து, எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பகுதி என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கக் கூடாது. "அம்மா, தம்பியின்ர பேரை எங்க எழுதட்டும்?" இவ்வளவு போதும். பதில் வராவிட்டால், "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு அம்மா" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வரலாம்.

பிழை பெரும்பாலும் வீட்டில் நடப்பதில்லை, கணினியில் நடக்கிறது. தட்டச்சுச் செய்யும் பிள்ளை எல்லாத் தாள்களையும் ஒரே பட்டியலாக அகரவரிசையில் அடுக்கிவிடும். அல்லது போன வருடக் கோப்பைத் திறந்து அதன் மேலேயே புதிய பெயர்களைச் சேர்க்கும். பீடத்தடியில் வாசிக்கும்போது, உயிரோடு தேடப்படும் ஒருவரின் பெயர் மரித்தோர் நடுவே விழும். கோவிலில் பின்வாங்கிலில் இருக்கிற தாய்க்கு அது இரண்டாம் முறை பறிகொடுத்தது போல. ஆகவே இரண்டு பட்டியலையும் வெவ்வேறு நிறத் தாளில் எடுங்கள். வாசிப்பவர் சனிக்கிழமை பின்னேரமே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டு வரட்டும். பிழையாக வாசிக்கப்பட்டுவிட்டால், பொறுப்பானவர் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் சொல்வது போதாது. அடுத்த ஞாயிறு பெயரைச் சரியான இடத்தில் வாசித்தபின்தான் அந்தக் காரியம் முடியும்.

ஒரு வருடம் அந்தத் தாயே மகனின் பெயரை மேல் பகுதிக்கு மாற்றிக் கொடுக்கக்கூடும். அப்போது ஏன் என்று கேட்கவும் வேண்டாம், "நல்ல முடிவு" என்று சொல்லவும் வேண்டாம். பூசைக்கு ஏதாவது நாள் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வருடம் அவர் திரும்பவும் கீழே எழுதலாம். அதுவும் சரி. உயிரோடிருப்பவர், மரித்தவர் யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 901ஆம் இலக்கத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது. எந்தப் பகுதியில் எழுதினாலும் செபம் வீணாகாது என்று அந்தத் தாய்க்கு ஒருமுறையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பாரம் இருக்கிறது. காணிக்காகவோ வங்கிக்காகவோ இழப்பீட்டுக்காகவோ மரணச் சான்றிதழ் எடுத்த மனைவிமார், "நானே அவரை இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டன்" என்று உள்ளுக்குள் எரிகிறார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் பெற வழி உண்டு. எதை எடுத்திருந்தாலும் அது கச்சேரிக் காகிதம், அரச அலுவலகத்துத் தாள். விசுவாச அறிக்கை ஆகாது. இதைக் குருவானவர் வாயால் கேட்கும்போது பாதிப் பாரம் இறங்குகிறது. ஆகவே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விண்ணகத்தை நம்புகிறவன் இந்த உலகக் கணக்குகளை விட்டுவிட வேண்டும் என்று சிலர் போதிக்கிறார்கள். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க உயிர்ப்பைப் போதித்தவர்தான் அப்படித் தலைகளை எண்ணினார். அவர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று காலமானார். திருவெளிப்பாடு ஆறாம் அதிகாரத்தில், கொலையுண்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எத்தனை காலத்துக்கு?" என்று கடவுளிடம் நீதி கேட்கின்றன. அவர்கள் இருப்பது விண்ணகத்தில், அங்கேயிருந்தும் கேட்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் இருந்து கேட்கும் தாய்மாரைப் பார்த்து "எல்லாத்தையும் கடவுளிட்ட விட்டிட்டு வீட்ட போங்கோ" என்று சொல்லும் உபதேசியார் அந்த அதிகாரத்தை இன்னொரு தரம் வாசிக்கட்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கொரிந்தியர் முதல் மடலின் பதின்மூன்றாம் அதிகாரக் கடைசி வசனத்தில், பழைய வேதாகமம் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியமோ "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. ஆகவே நம்பிக்கை என்று சொன்னால் மெதடிஸ்த வீட்டில் ஒன்றும் கத்தோலிக்க வீட்டில் இன்னொன்றும் விளங்கும். பேச்சில் எதிர்நோக்கு என்று யாரும் சொல்வதில்லை; "காத்திருக்கிறம்" என்கிறார்கள். செபத்திலும் அந்தச் சொல்லையே பாவியுங்கள், உடனே பற்றிக்கொள்ளும். மோட்சம் என்ற சொல்லும் அப்படித்தான். கிழவிமாருக்கு அது பழகிய சொல், மாற்றத் தேவையில்லை. ஆனால் வன்னியில் பாதிச் சொந்தம் சைவமாக இருக்கும். மோட்சம் என்றால் அவர்கள் பிறவி அறுவதை நினைப்பார்கள், உடலைக் கழற்றி விடுவதை நினைப்பார்கள். விசுவாசப் பிரமாணமோ உடலின் உயிர்ப்பைச் சொல்கிறது. முந்திய தலைமுறை அதைச் "சரீர உத்தானம்" என்று சொல்லிப் பழகியது.

இந்த ஒரு வரி வன்னிக்கு எவ்வளவு தேவை என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே முழு உடலாக அடக்கம் கிடைக்காதவர்கள் அநேகம். பங்கர் மண்ணோடு மூடப்பட்டவர்கள், கடற்கரை மணலில் அடையாளமில்லாமல் விடப்பட்டவர்கள், 2004 டிசம்பர் 26 காலையில் முல்லைத்தீவுக் கடல் கொண்டுபோனவர்கள். உடம்பில் இன்னும் செல் பீசோடு, எறிகணைத் துண்டோடு, வயல் செய்பவர்களும், ஒரு காலோடு சைக்கிள் உழக்குபவர்களும் வாங்கில்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆன்மா மட்டும் பறந்து போகும் ஒரு மோட்சத்தைச் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறோம். யோவான் இருபதாம் அதிகாரத்தை வாசியுங்கள். உயிர்த்த ஆண்டவரின் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது, விலாவில் காயம் இருக்கிறது, தொட்டுப் பார் என்கிறார். காயப்பட்ட அதே உடல்தான் மகிமையடைந்தது. வருடாவருடம் ஆவணி வெயிலில் கால் வெடிக்க நடந்து மடு மாதா கோவிலுக்குப் போகிறோமே, அந்த 15ஆம் திகதித் திருநாளே ஓர் உடல், மாதாவின் உடல், விண்ணகம் போனதைக் கொண்டாடுவது. மடு மாதாவிடம் மகனைத் தேடித் தரக் கேட்டுப் போகிறவர்களுக்கு இதையும் யாராவது சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

செத்தவீட்டுக்கு வருவோம். அங்கே அதிகம் பிழையாகச் சொல்லப்படும் வசனம் தெசலோனிக்கர் முதல் மடல் 4:13. "துக்கப்படாதேயுங்கோ எண்டு வேதம் சொல்லுது" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பவுல் சொன்னது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்பது. துக்கத்தை அவர் தடை செய்யவில்லை. இலாசரை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் முன் அழுதார். ஆகவே ஒப்பாரி வைக்கும் பெண்ணைப் பாட்டுப் போட்டு அமத்த வேண்டாம். அவர் களைத்து ஓயும்வரை செபத்தைப் பிந்திப் போடலாம். செபம் முழுவதும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: ஒரு பாட்டு, இருபத்து மூன்றாம் சங்கீதம், யோவான் 14:1–3, இரண்டு நிமிட மௌனம், இறந்தவரைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தல், கர்த்தர் கற்பித்த செபம். பேச்சு ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் பெட்டியடியில் இருப்பவர்களுக்கு எதுவும் ஏறாது. கிடந்தவரைக் காட்டி "நீங்கள் ஆயத்தமா?" என்று மனந்திரும்புதலுக்கு அழைக்கும் பழக்கம் சில கூட்டங்களில் உண்டு. அது ஆள் சேர்க்கும், ஆறுதல் தராது; அந்த வீட்டார் பல வருடம் அதை மறப்பதில்லை. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கலந்த குடும்பத்தில் மரித்தவருக்காக வேண்டுவதா, நன்றி மட்டும் சொல்வதா என்று இழுபடாமல், சங்கீதங்களோடும் ஒப்புக்கொடுத்தலோடும் நின்றால் எல்லாரும் சேர்ந்து "ஆமென்" சொல்லலாம்.

தற்கொலை செய்தவர் வீட்டில் இன்னும் கவனம். "அவருக்கு மோட்சம் இல்லை" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. தம்மையே மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2283ஆம் பத்தி சொல்கிறது. அந்தப் பத்தியை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார்.

நோயாளியை ஆயத்தப்படுத்துவதில் ஒரே பெரிய தவறு, பிந்துவது. அந்தக் காலத்தில் "அவஸ்தைபூசுதல்" என்று பெயர் இருந்ததால், சுவாமி வந்தால் சாவு வந்த மாதிரி என்று பயப்படுகிறார்கள். நோயில்பூசுதலை பாரமான வருத்தம் வந்த உடனேயும், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும், தள்ளாத வயதிலும் பெறலாம். வருத்தம் கூடினால் திரும்பவும் பெறலாம். சாவுக்குரிய கடைசி அருட்சாதனம் நன்மைதான், அதாவது நற்கருணை, வழியுணவாகக் கொடுக்கப்படுவது. அதை விழுங்கவும் உணரவும் ஆளுக்கு அறிவு இருக்க வேண்டுமே. உள்கிராமங்களில் ஒரு குருவானவர் நாலைந்து கோவில்களைப் பார்க்கிறார், மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே வைத்தியர் "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொன்ன அன்றைக்கே போன் எடுங்கள்.

கட்டிலருகே ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுருபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர், கரண்டி. ஒக்சிசன் ஓடுகிறதென்றால் மெழுகுதிரியைக் கொளுத்தவே கூடாது. நோயாளியும் அவரைப் பராமரிப்பவரும் நன்மை வாங்க ஒரு மணிநேர உபவாசம் இருக்கத் தேவையில்லை. விழுங்கக் கஷ்டமென்றால் சிறு துண்டு போதும், பிறகு ஒரு கரண்டி தண்ணீர். குருவானவர் போனபின் வீட்டார் செய்ய வேண்டியது: இருவர் மாறி மாறி அருகில் இருப்பது, காதுக்குக் கிட்ட மெதுவாக ஒரு வரி சொல்வது, பஞ்சால் உதட்டை நனைப்பது. கண் திறக்காவிட்டாலும் கேட்கும் என்றே நினைத்துப் பேசுங்கள். காணி எழுதுவதைப் பற்றி அந்த அறையில் கதைக்க வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் சாதாரணமாக எடுத்துவிடாதீர்கள். "நானும் போனால் பிள்ளையைப் பாக்கலாம்." விண்ணகத்துக்கு ஏங்குவது பவுலுக்கும் இருந்தது, உலகை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடிருக்க ஆசை, ஆனாலும் உங்களுக்காக இருப்பது அவசியம் என்று பிலிப்பியருக்கு எழுதினார். ஏக்கம் ஆபத்தாக மாறும் இடத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. சாப்பாடு குறைகிறது. நித்திரை இல்லை. நகையையும் சாமானையும் பங்கிட்டுக் கொடுக்கிறார். முந்தி "ஒருநாள்" என்றவர் இப்போது நாள் குறிக்கிறார். அப்போது நேரடியாகக் கேளுங்கள்: "அக்கா, உயிரை மாய்க்கிற எண்ணம் வருதா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வந்தது என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை அந்த வளவிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. செபமும் மருந்தும் சேர்ந்தே போகட்டும். செபத்தால் மட்டும் தீரும் என்று மருந்தை நிறுத்தச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சிறு பிள்ளைகளுக்கு "அப்பா நித்திரை" என்று சொன்னால் பிள்ளை நித்திரைக்கே பயப்படும். "நல்ல ஆக்களை ஆண்டவர் கெதியா எடுத்திடுவார்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கப் பயப்படும். "அப்பா செத்துப் போனார், இனி இஞ்ச வரமாட்டார், ஆண்டவரிட்ட இருக்கிறார், நாங்கள் ஒருநாள் காணுவம்" என்பதை இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு இதைச் சொல்ல முடியாது. "எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்" என்பதே அங்கே உண்மை.

அன்றாடத்துக்கு ஒரு பழக்கம் போதும். இரவில் விளக்கு அணைக்கும் முன் "உமது கையில் என் ஆவியை ஒப்படைக்கிறேன்" என்ற வரி, பிறகு வீட்டில் இல்லாதவர்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக. மூன்று நிமிடம். துக்கம் வந்தபின் தொடங்கினால் இது பிடிக்காது. நல்ல நாளிலேயே பழக வேண்டும். எபிரேயர் 6:19 இந்த நம்பிக்கையை நங்கூரம் என்கிறது. முல்லைத்தீவுக் கரையில் இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. நங்கூரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கயிறு ஆழத்தைப் போல நாலைந்து மடங்கு விடாவிட்டால் அது நிலம் கவ்வாமல் இழுபடும். காற்று அடிக்கத் தொடங்கியபின் கயிறு முடிந்துகொண்டிருக்க ஏலாது.

மரித்தோர் நாளான நவம்பர் 2 மாரிக்குள் வருகிறது. ஒரு வாரம் முந்தியே சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்தில், புல் வெட்டுங்கள். புடையன் பாம்பு இருக்கும், கையால் பிடுங்காமல் முதலில் தடியால் கலைக்க வேண்டும். மரச் சிலுவையின் அடியைக் கறையான் தின்றுவிடும், பெயரும் அதோடு போய்விடும். சின்னதொரு சீமெந்துப் பலகையில் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் பெயரைக் கீறிவிட்டால் நிற்கும். மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் அல்லது அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலுக்குள் வைத்தால் காற்றுக்கு அணையாது. கல்லறை இல்லாதவர்களுக்காக நடுச்சிலுவையைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு வையுங்கள், திரி ஊன்ற. அங்கே ஊன்றுகிறவரிடம் யாருக்கு என்று கேட்கக் கூடாது என்பதைக் காலையிலேயே ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லிவிடலாம். மழை கொட்டினால் பதறத் தேவையில்லை. சேமக்காலையைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டும் பலன் 1ஆம் திகதி முதல் 8ஆம் திகதி வரை எல்லா நாளுக்கும் உண்டு. மழை விட்ட ஒரு பின்னேரம் பார்த்துத் திரும்ப மணி அடித்து ஆட்களைக் கூப்பிடுங்கள்.